‘கிடைக்கும்’ வேறு, ‘கிடைக்கலாம்’ வேறு



குழுவில் ஆங்கிலம் கற்கும் பகுதியில் இந்த முறை நாம் பார்க்கப் போவது, நாளைக்கு நடக்கப் போவதையும் நடக்கக் கூடியதையும் ஆங்கிலத்தில் எப்படிப் பேசுவது என்ற பாடம். குழுவில் பாடம் நடத்தும் ஊக்குநர்களுக்கும், அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உதவும்படி எழுதியிருக்கிறோம். இந்தப் பாடம் எப்படிப் பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் எங்கள் தவறு ஒன்று இருக்கிறது.

ஏழாயிரம் ரூபாய் வார்த்தை

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழு கறவை மாட்டுக் கடனுக்கு வங்கியில் மனு கொடுத்திருந்தது. பதினான்கு உறுப்பினர்கள். ஒரு நாள் வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. குழுவில் யாருக்கும் படிக்கத் தெரியாததால், களப்பணிக்குப் போன எங்களிடம் நீட்டினார்கள். நாங்களும் வண்டியில் உட்கார்ந்தபடியே அவசரமாகப் பார்த்தோம். அதில் இருந்தது ஒரே வரிதான்: ‘யுவர் அப்ளிகேஷன் மே பி கன்சிடர்டு இன் தி நெக்ஸ்ட் குவார்ட்டர்.’

“அடுத்த மூணு மாசத்துக்குள்ள கடன் கிடைச்சிடும்க்கா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

அந்தப் பேச்சை நம்பி, குழு தன் சேமிப்பிலிருந்து பன்னிரண்டாயிரம் ரூபாய் எடுத்து இரண்டு மாடுகளுக்கு முன்பணம் கொடுத்தது. மூன்று மாதம் போனது. கடன் வரவில்லை. மாட்டுத் தரகர் மாட்டை வேறு ஆளுக்கு விற்றுவிட்டு, ஐயாயிரம் மட்டும் திருப்பிக் கொடுத்தார். மீதி ஏழாயிரம் போனது போனதுதான். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் நட்டம்.

வங்கி பொய் சொல்லவில்லை. ‘உங்கள் மனு அடுத்த காலாண்டில் பரிசீலிக்கப்படலாம்’ என்றுதான் எழுதியிருந்தது. கடன் தருவோம் என்று சொல்லவில்லை. பரிசீலிப்போம் என்றுகூட உறுதி சொல்லவில்லை. ‘லாம்’ என்றுதான் சொன்னது. அந்த ‘லாம்’ஐ ‘டும்’ ஆக மாற்றிச் சொன்னது நாங்கள்தான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டோம். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார்: “மேடம், போன காசு போகட்டும். அடுத்த தடவை அந்தக் கடுதாசிய நாங்களே படிக்கணும். முழுசா வேணாம். எந்த வார்த்தையில ஏமாந்தமோ அந்த வார்த்தைய மட்டும் சொல்லிக் குடுங்க.”

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்த பிறகு அரை மணி நேர வகுப்பு தொடங்கியது.

இந்தப் பாடம் நமக்கு எதற்கு?

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கிய நாளில், கையெழுத்துப் போடக் கற்றதே பெரிய வெற்றி. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் சேர்ந்த பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அவர்கள் கற்றதெல்லாம் அன்றைக்குத் தங்களுக்குத் தேவைப்பட்டதை.

இன்றைய நம் தேவை வேறு. வங்கிக் கடிதம், காப்பீட்டுத் தாள், செல்போனில் வரும் குறுஞ்செய்தி, கண்காட்சியில் சரக்குக் கேட்கும் வெளி மாநில வாடிக்கையாளர் என்று பல இடத்தில் ஆங்கிலம் வருகிறது. அங்கெல்லாம் பேச்சு பெரும்பாலும் நாளையைப் பற்றியதுதான். எப்போது பணம் வரும், எப்போது சரக்கு வரும், வராவிட்டால் என்ன ஆகும்? இந்த இடத்தில் ஒரு வார்த்தை மாறினால் காசு போகும். வாக்கும் போகும்.

முதல் படி: நம் தமிழிலிருந்து தொடங்குங்கள்

ஊக்குநர்களே, முதல் நாளே கரும்பலகையில் ஆங்கிலத்தில் கட்டம் போட்டு எழுதாதீர்கள். நாங்கள் அப்படிச் செய்து பார்த்தோம். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள், மீதிப் பேர் வீட்டில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார்கள்.

இரண்டாவது வாரம் வேறு மாதிரி தொடங்கினோம். வாசலில் நின்று வானத்தைக் காட்டி, “இன்னைக்கு மழை வருமாக்கா?” என்று கேட்டோம். ஆளுக்கு ஒரு பதில் வந்தது.

“கண்டிப்பா வரும்.”
“அநேகமா வரும்.”
“வரலாம்.”
“வந்தாலும் வரும், வராட்டியும் போகும்.”
“எங்க வரப் போகுது? வராது.”

பாடம் முழுவதும் இந்த ஐந்து பதிலில் இருக்கிறது. நடக்கக் கூடியதைப் பேச நமக்குப் புதிதாக யாரும் சொல்லித் தர வேண்டாம். நாள்தோறும் பேசுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு என்ன சொல் என்பதுதான் தெரிய வேண்டும்.

பிறகு ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்தோம். “மழை வரும்னு எவ்வளவு நம்புறீங்களோ அத்தனை கொட்டைய முன்னால வைங்க” என்றோம். பத்தும் வைத்தவருக்கு ‘வில்’. ஏழு, எட்டு வைத்தவருக்கு ‘பிராபப்ளி’. ஐந்து வைத்தவருக்கு ‘மே’. இரண்டு, மூன்று வைத்தவருக்கு ‘மைட்’. ஒன்றும் வைக்காதவருக்கு ‘வோன்ட்’. இலக்கணத்தில் இப்படி எண்ணிக்கை எதுவும் கிடையாது. நமக்குப் பிடிபடுவதற்காக வைத்துக்கொண்ட கணக்கு இது.

கண்டிப்பாக வரும்: இட் வில் ரெயின்.
அநேகமாக வரும்: இட் வில் பிராபப்ளி ரெயின்.
வரலாம்: இட் மே ரெயின்.
வந்தாலும் வரும்: இட் மைட் ரெயின்.
வராது: இட் வோன்ட் ரெயின்.

‘மே’, ‘மைட்’ இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ‘மைட்’ கொஞ்சம் பிடி தளர்ந்தது, அவ்வளவுதான். குழம்புகிறவர்கள் ‘மே’ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். ‘மே நாட்’ என்றால் ‘வராமலும் போகலாம்’. ‘வோன்ட்’ என்றால் ‘வராது’. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம்.

வானொலியில் வானிலை அறிக்கை கேட்டிருப்பீர்கள். ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்பார்கள். ‘பெய்யும்’ என்று அடித்துச் சொல்வதில்லை. அந்தக் ‘கூடும்’ தான் இந்த ‘மே’.

இரண்டாம் படி: ‘மே ஐ கம் இன்’ல வர்ற மே தானா?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஓர் உறுப்பினர். அவருடைய பேரன் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று தினமும் ‘மே ஐ கம் இன், மிஸ்?’ என்று கேட்பானாம். ஆமாம், அதே ‘மே’ தான். நம் ‘லாம்’ போலவே அதற்கும் இரண்டு வேலை. ‘உள்ளே வரலாமா?’ என்றால் அனுமதி. ‘மழை வரலாம்’ என்றால் சந்தேகம். நாம் இரண்டுக்கும் ‘லாம்’ போடுகிறோம், அவர்கள் இரண்டுக்கும் ‘மே’ போடுகிறார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பாதை பிரிகிறது. ‘வாங்க, கூட்டத்துக்குப் போகலாம்’ என்று கூப்பிடும்போது ஆங்கிலத்தில் ‘மே’ வராது. ‘லெட்டஸ் கோ’ என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் ‘லாம்’ வரும் இடமெல்லாம் ஒரு நொடி நின்று பாருங்கள். சந்தேகமா, அனுமதியா, கூப்பிடுகிறோமா?

மூன்றாம் படி: ‘போகுது’ அங்கேயும் உண்டு

வானம் கறுத்து, காற்றில் மண் வாசனை அடிக்கிறது. அப்போது ‘மழை வரும்’ என்று சொல்வதில்லை, ‘மழை வரப் போகுது’ என்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே. ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்.’ ‘கோ’ என்றால் ‘போ’ என்பது நமக்குத் தெரியும். நாம் ‘போகுது’ சொல்லும் இடத்தில் அவர்கள் ‘கோயிங்’ சொல்கிறார்கள்.

ஏற்கெனவே முடிவு செய்த காரியத்துக்கும் இதுவே. ‘நான் ஆடு வாங்கப் போறேன்’ என்றால் ‘ஐ ஆம் கோயிங் டு பை எ கோட்.’ வகுப்பில் எல்லாருக்கும் சீக்கிரமாக வாயில் வந்த வாக்கியம் இதுதான். ஒவ்வொருவரும் தான் வாங்கப் போவதைச் சொன்னார்கள். தையல் மிஷின், கிரைண்டர், பெண்ணுக்குக் கம்மல். ஓர் அக்கா மட்டும் ‘ஐ ஆம் கோயிங் டு ஸ்லீப்’ என்றார். அன்று முழுவதும் களை எடுத்துவிட்டு வந்தவர். எல்லாரும் கைதட்டினோம்.

நான்காம் படி: ‘ஆல்’ வந்தால் ‘வில்’ வராது

ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்கள்கூடத் தவறு செய்யும் இடம் இது. ‘மழை பெய்தால் வர மாட்டேன்’ என்பதை ‘இஃப் இட் வில் ரெயின், ஐ வில் நாட் கம்’ என்று சொல்லிவிடுவார்கள். அது பிழை. ‘இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் நாட் கம்’ என்பதே சரி.

இதை நினைவில் வைக்க நம் தமிழே வழி காட்டுகிறது. ‘பெய்தால்’, ‘வந்தால்’, ‘கிடைத்தால்’ என்று சொல்லிப் பாருங்கள். நாளைக்கு நடப்பதைத்தான் சொல்கிறோம், ஆனால் ‘பெய்வால்’, ‘வருவால்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஆல்’ ஒட்டும் சொல்லில் எதிர்காலத்தை நாம் போடுவதில்லை. அவர்களும் ‘இஃப்’ ஒட்டிய பக்கத்தில் ‘வில்’ போடுவதில்லை. எதிர்காலம் அடுத்த பாதியில்தான் வரும்.

கடன் கிடைத்தால் மாடு வாங்குவோம்: இஃப் வி கெட் தி லோன், வி வில் பை எ கௌ.
கடன் கிடைக்காவிட்டால் இரண்டு ஆடு வாங்குவோம்: இஃப் வி டோன்ட் கெட் தி லோன், வி வில் பை டூ கோட்ஸ்.

இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே சொல்லப் பழக்குங்கள். ‘கிடைத்தால்’ மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்களைப் பக்கத்தில் இருப்பவர், “கிடைக்கலன்னா?” என்று கேட்க வேண்டும். அப்போதுதான் ஆங்கிலமும் முழுமையாகும், திட்டமும் முழுமையாகும்.

ஐந்தாம் படி: கடிதத்தில் கண்டுபிடிப்போம்

எழுத்துத் தெரியாத உறுப்பினர்களுக்கு முழு வரியைப் படிக்கச் சொல்ல வேண்டாம். மூன்று சொற்களின் உருவத்தை மட்டும் காட்டுங்கள். ‘மே’ மூன்று எழுத்து: எம், ஏ, ஒய். ‘வில்’ நான்கு எழுத்து, கடைசியில் இரண்டு குச்சி நிற்கும். ‘ஷால்’ ஐந்து எழுத்து, அதற்கும் கடைசியில் இரண்டு குச்சி. பழைய கடிதங்களைக் கொண்டுவந்து இந்தச் சொற்களைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் கையெழுத்து மட்டும் தெரிந்த உறுப்பினர்களும் இரண்டே வாரத்தில் வட்டமிட்டார்கள்.

வட்டமிட்ட பிறகு பொருள் பார்க்க வேண்டும். அலுவலகக் கடிதத்தில் கவனிக்க வேண்டியவை இவை.

‘தி லோன் மே பி சாங்ஷன்டு’ என்று நமக்கு வரும் கடிதத்தில் இருந்தால், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். செலவு செய்யாதீர்கள்.

‘யூ மே சப்மிட் தி டாக்குமென்ட்ஸ்’ என்று இருந்தால் கதை வேறு. நம் ஊர் அலுவலகங்களில் இது மரியாதையாகச் சொல்லும் உத்தரவு. ‘விருப்பம் இருந்தால் கொடு’ என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. தேதிக்குள் ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டும்.

‘தி பாரோயர் ஷால் ரீபே’ என்றால் கடன் வாங்கியவர் கட்டாயம் திருப்பிக் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் ‘ஷால்’ வந்தால் அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

‘சப்ஜெக்ட் டு’ என்று வந்தால், அதற்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அது என்ன என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

‘அப் டு’ என்றால் ‘வரை’. சுய உதவிக் குழுக்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை பிணையம் இல்லாமல் கடன் கொடுக்க 2021-ல் ரிசர்வ் வங்கி வழி செய்தது. ‘20 லட்சம் வரை’ என்றால் எல்லாக் குழுவுக்கும் 20 லட்சம் என்று பொருள் இல்லை.

‘குவார்ட்டர்’ என்றால் மூன்று மாதம். இதைச் சொன்னபோது ஓர் அக்கா, “குவார்ட்டர்னா எங்க வீட்டுல வேறம்மா” என்றார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்தச் சொல் எல்லாருக்கும் நினைவில் நின்றுவிட்டது.

கையில் இருப்பது, கையில் இல்லாதது

ஒரு நாள் அந்த மூத்த உறுப்பினர் ‘வில்’ சொல்லவே மாட்டேன் என்றார். “நாளைக்கு நடக்கறத அடிச்சுச் சொல்லக் கூடாதும்மா. நாம யாரு சொல்றதுக்கு?” என்றார். நியாயமான பேச்சு. ஆனால் அதே அம்மா மாதம் தவறாமல், “அஞ்சாந்தேதி சந்தா கட்டிடுவேன்” என்று அடித்துச் சொல்கிறவர். அதை நினைவுபடுத்தினோம். “அது வேற. அது நான் குடுத்த வாக்கு” என்றார்.

பாடப் புத்தகத்தில் இருந்து நாங்கள் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார். ‘வில்’லுக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, நடக்கும் என்று கணிப்பது. இன்னொன்று, செய்வேன் என்று வாக்குக் கொடுப்பது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நம் கையில் இருக்கும் காரியத்துக்கு ‘வில்’. அடுத்தவர் கையிலோ வானத்தின் கையிலோ இருக்கும் காரியத்துக்கு ‘மே’. ‘நாளை பொழுது விடியும்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் ‘வில்’ தான் வரும், அதனால் இது முழு இலக்கணம் ஆகாது. ஆனால் காசு விஷயத்தில் நம்மைக் காப்பாற்றும்.

கண்காட்சியில் வாடிக்கையாளர் சரக்கு எப்போது வரும் என்று கேட்டால், கையில் சரக்கு இருந்தால் மட்டும் ‘வி வில் சென்ட் டுமாரோ’ என்று சொல்லுங்கள். மாவு அரைத்து, வெயில் பார்த்துக் காயவைக்க வேண்டும் என்றால் ‘இட் மே டேக் ஃபைவ் டேஸ்’ என்று சொல்லுங்கள். அதிகம் விற்க ஆசைப்பட்டு ‘வில்’ சொல்லிவிட்டு அனுப்ப முடியாமல் போனால், அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

குழுவில் செய்து பார்க்கப் பயிற்சி

கீழே உள்ளவற்றை முதலில் தமிழில் சொல்லி, எத்தனை புளியங்கொட்டை என்று கேட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்தால் அந்த உறுப்பினர் அடுத்த வாரம் வாய் திறக்க மாட்டார்.

1. வங்கி அலுவலர் நாளைக்கு வந்தாலும் வருவார்.
2. நான் ஐந்தாம் தேதி கட்டிவிடுவேன்.
3. பஸ் வராவிட்டால் நடந்து போவோம்.
4. என் மகள் நர்சிங் படிக்கப் போகிறாள்.
5. வாங்க, கூட்டத்துக்குப் போகலாம்.

விடைகள்

1. தி பேங்க் ஆபீசர் மைட் கம் டுமாரோ.
2. ஐ வில் பே ஆன் தி ஃபிஃப்த்.
3. இஃப் தி பஸ் டஸ் நாட் கம், வி வில் வாக்.
4. மை டாட்டர் இஸ் கோயிங் டு ஸ்டடி நர்சிங்.
5. லெட்டஸ் கோ டு தி மீட்டிங்.

ஒரு வாரம் ஒரு படி போதும். ஐந்து படிக்கும் ஐந்து வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. நடுவில் நடவு வந்துவிட்டது.

பாடம் முடிந்த பிறகு

அந்தக் குழு மீண்டும் மனு கொடுத்தது. சில வாரம் கழித்து வங்கிக்குப் போனபோது மேலாளர் தமிழில்தான் பேசினார். “வந்துடும்மா, பார்க்கலாம்” என்றார். எப்போதும் போலத் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் குழுவின் இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார்: “சார், இது வில்லா, மேயா?”

மேலாளர் சிரித்துவிட்டார். பிறகு யோசித்து, “மே தாம்மா. மேலதிகாரி கையெழுத்து ஆகணும். அதுக்கு முன்னாடி யாருக்கும் முன்பணம் குடுத்துடாதீங்க” என்றார்.

கடன் இரண்டு மாதம் தள்ளித்தான் வந்தது. ஆனால் இந்த முறை ஒரு ரூபாயும் நட்டமில்லை. கடன் வந்த பிறகே சந்தைக்குப் போனார்கள். எங்களிடம் அவர்கள் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: “இனிமே நீங்க படிச்சுச் சொன்னாலும் நாங்க ஒரு தடவை வட்டம் போட்டுப் பார்த்துக்குவோம் மேடம்.” அதைவிடப் பெரிய சான்றிதழ் எங்களுக்கு வேண்டியதில்லை.

இப்போது அந்தக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் கீழே இரண்டு வரி எழுதுகிறார்கள். ‘கிடைத்தால்’ என்று ஒரு வரி. ‘கிடைக்காவிட்டால்’ என்று ஒரு வரி. ஆங்கிலம் கற்காத குழுக்களும் இதைச் செய்யலாம். அடுத்த கூட்டத்தில் உங்கள் புத்தகத்திலும் அந்த இரண்டாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கற்போம்! கேட்டுத் தெளிவோம்!